விமான நிலையத்திலும் இரண்டு வரிசையா?

நமது நாட்டு விமான நிலையங்களில் "நம்பத் தகுந்த பிரயாணிகள்" என்பதாக ஒரு புதிய வகுப்பார் ஏற்பட்டிருக்கிறார்கள். இவர்கள் வெளிநாட்டுக்குப் புறப்படும்போதும், திரும்பி வந்து இறங்கும்போதும், மற்ற ஜனங்களைப் போல் இமிகிரேஷன் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. இவர்களுக்கென்று ஒரு தனி வழி. அந்த வழியில் ஒரு யந்திரக் கதவு. விமானச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் யந்திரத்தில் காட்டி, தன்னுடைய அங்க அடையாளத்தை அதன் முன் வைத்தால், அது ஆளைக் கண்டுகொண்டு கதவைத் தானே திறந்துவிடும். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது என்று சர்க்கார் சொல்லுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டை மத்திய சர்க்காரின் உள்துறை இலாகா 2024-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி டில்லியில் ஆரம்பித்தது. 2025 ஜனவரி 16-ந் தேதி சென்னை, மும்பை, கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி, ஆமதாபாத் ஆகிய 7 ஊர்களுக்கும், அதே வருஷம் செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய 5 ஊர்களுக்கும் அது பரவிற்று. இந்திய பாஸ்போர்ட்டு உள்ளவர்களும், வெளிநாட்டுப் பிரஜைகளாகிவிட்ட இந்திய வம்சத்தாரில் அதற்கான கார்டு பெற்றவர்களும் இதில் சேரலாம். கம்ப்யூட்டர் மூலம் மனுப் போட வேண்டும். மனுதாரனைப் பற்றி சர்க்கார் ஆட்கள் விசாரிப்பார்கள். அதில் தேறினவருடைய விரல் ரேகையும் முகப் படமும் வாங்கி வைத்துக்கொள்ளப்படும். அப்புறம் 5 வருஷ காலத்திற்கு, அல்லது பாஸ்போர்ட்டின் கெடு அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைக்கும், அவர் "நம்பத் தகுந்தவர்".

"ஆகாயத்தில் பறக்கிற சீமான்களுடைய சங்கதி நமக்கு எதற்கு?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் ஒரு நாள் இராத்திரி திருச்சி விமான நிலையத்தின் வாசலில் போய் நின்று பார்க்கட்டும். துபாய்க்கும், சார்ஜாவுக்கும், சிங்கப்பூருக்கும், கோலாலம்பூருக்கும் புறப்படுகிறவர்களில் கொத்தனார் எத்தனை பேர், டிரைவர் எத்தனை பேர், வெல்டர், சமையற்காரர், கடைச் சிப்பந்தி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர், இராமநாதபுரம் ஜில்லாக்களின் கிராமங்களில் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர்கள்தான் அந்த வரிசையில் பெரும்பாலோர். ஆகவே இது சீமான்கள் சங்கதி அல்ல. நமது சங்கதியே ஆகும்.

முதலாவதாக, யந்திரத்தைக் கண்டு நமக்கு எவ்விதப் பயமும் வெறுப்பும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். மனிதனுடைய சிரமத்தைக் குறைக்கிற எந்தக் கருவியையும் நாம் வரவேற்கிறவர்களே. அதிலும் இந்த விஷயத்தில் யந்திரத்தை வரவேற்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனித அதிகாரி, எதிரே நிற்கிறவனுடைய பாஸ்போர்ட்டை மாத்திரமா பார்க்கிறார்? அவனுடைய பெயரைப் பார்க்கிறார், தாடியைப் பார்க்கிறார், கைலியைப் பார்க்கிறார், இங்கிலீஷ் பேசுகிறானா என்று பார்க்கிறார். சூட்டுப் போட்டவனைக் கண்டால் "வாருங்கள்" என்கிற வாய், மேஸ்திரியைக் கண்டால் "எங்கேடா போகிறாய்?" என்று கேட்பதை அந்த வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். யந்திரத்துக்கு "டா" போடத் தெரியாது. அந்த அளவில் அது மனிதனைவிட மரியாதை தெரிந்தது என்றே சொல்லலாம்.

கைரேகை என்றவுடனே நம் ஜனங்களுக்குத் தெருத்திண்ணை ஜோசியன் ஞாபகம்தான் வரும். ஆயுள் ரேகை, தன ரேகை, சமுத்திரப் பிரயாண ரேகை என்று அவன் சொல்வதெல்லாம் வயிற்றுப் பிழைப்புக்கான புளுகு. ஆனால், விரல் நுனியில் இருக்கிற வரம்புகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளை பிரிகின்றன என்று கணக்கெடுத்தால், அந்தக் கணக்கு ஒருவனுக்கு இருப்பது போல் இன்னொருவனுக்கு இருப்பதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வித்தியாசப்படும். கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தின் நெசவும் அப்படியே. பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுவது. இது விஞ்ஞானம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த விரலையும் கண்ணையும் எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் ஜாதி அகப்படாது, மதம் அகப்படாது, தலையெழுத்தும் அகப்படாது. "இவன் இன்னான்" என்பது ஒன்றுதான் அகப்படும்.

நாம் ஆட்சேபிப்பது இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. யந்திரத்தினால் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவன் இவன்தானா?" என்பதே அந்தக் கேள்வி. இதை அரசனிடத்திலும் கேட்கலாம், ஆண்டியிடத்திலும் கேட்கலாம். கேட்பதற்கு இருவருக்கும் ஒரே நேரம்தான் ஆகும். "இவன் யோக்கியனா?" என்பது வேறு கேள்வி. இதற்கு விரல் பதில் சொல்லாது. கண் பதில் சொல்லாது. எங்கேயோ ஒரு காரியாலயத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான் ஏட்டைப் புரட்டிப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, நம்பிக்கைப் பட்டியல் என்பது, எல்லோருக்கும் பொதுவான முதல் கேள்வியையும், மனிதர் இஷ்டப்படி பதில் சொல்லும் இரண்டாவது கேள்வியையும் ஒரே முடிச்சாய்ப் போட்டு, யந்திரத்தின் சௌகரியத்தை இரண்டாவது கேள்வியில் தேறினவர்களுக்கு மாத்திரம் கொடுப்பதாகும்.

அன்றியும், ஒருவனை "நம்பத் தகுந்தவன்" என்று பலகை போட்டுத் தனியாய் அனுப்பினால், பக்கத்து வரிசையில் நிற்கிறவனுக்கு என்ன பெயர் என்று கேட்கிறோம். அதற்குப் பலகை போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கோயிலில் காசு கொடுத்தவனுக்குச் சிறப்புத் தரிசனம், காசில்லாதவனுக்குத் தர்ம தரிசனம் என்று கம்பி கட்டிப் பிரித்திருப்பதைப் பார்க்கிறோம். எல்லோருக்கும் பொதுவானவர் என்று சொல்லப்படுகிற சாமியின் முன்னாலேயே இரண்டு வரிசையை ஒப்புக்கொண்டு பழகிவிட்ட ஜனங்களுக்கு, விமான நிலையத்து இரண்டு வரிசை கண்ணை உறுத்தாததில் ஆச்சரியமில்லை. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்றிருந்த பேதமும் ஒரு காலத்தில் வெகு இயற்கையாகவே தோன்றிற்று. 1941-இல் அது ஒழிந்த பிறகு எந்த ரயிலும் நின்று போய்விடவில்லை.

சர்க்கார் கையிலுள்ள ரேகைக்கு இந்த நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. அதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரஸ்தா வேலைக்குச் சரக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட ஓர் ஆளிடம், அவன் பின்னால் மறுக்காதபடி ஒப்பந்தத் தாளில் உள்ளங்கையைப் பதித்து வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. உலகத்திலேயே முதலாவது என்பார்கள். லட்சம் ரேகைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டுக்காகத் தலையை உடைத்துக்கொண்டவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சிப்பந்திகள். உலகம் அதற்கு வைத்த பெயரோ, மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயர். வேலை ஒருவனுக்கு, பெயர் ஒருவனுக்கு என்பது நமக்குப் புதிதல்லவே!

அந்த ரேகை முதலில் யார் மேல் விழுந்தது? சீமான் மேலா விழுந்தது? 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். பிறக்கும்போதே திருடன் என்று ஒரு கூட்டத்தாரையே எழுதிவைக்கும் சட்டம் அது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது அமுலாயிற்று. மதுரை ஜில்லாவில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "ரேகைச் சட்டம்". பதிவான ஆண்பிள்ளை ரேகை வைக்க வேண்டும். இராத்திரியில் போலீஸ் கொட்டடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் "ராதாரிச் சீட்டு" வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெண் எடுத்த ஊருக்குப் போவதற்கும் சீட்டு, மாடு பிடிக்கப் போவதற்கும் சீட்டு. ரேகை வைக்க மாட்டோம் என்று சொன்னதற்காக, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. நமது மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது.

கடல் தாண்டியும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார், இந்தியர்கள் 10 விரல் ரேகையும் வைத்துப் பதிவுச் சீட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டுமென்று 1907-இல் சட்டம் செய்தார்கள். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழ்க் கூலிகளும் சில்லறை வியாபாரிகளும் ஏராளம்.

அன்றைக்கு "நம்பத் தகாதவன்" என்பதற்காக ரேகை. இன்றைக்கு "நம்பத் தகுந்தவன்" என்பதற்காக ரேகை. விரல் அதே விரல்தான். யோக்கியன், அயோக்கியன் என்று தரம் பிரிக்கிற அதிகாரமும் அன்று யாரிடம் இருந்ததோ அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்றைய ஏற்பாடும் பழைய ரேகைச் சட்டமும் ஒன்று என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது பெருங்காமநல்லூரில் செத்தவர்களை அவமதிப்பதாகும். இன்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, காசும் கேட்கவில்லை. ஆனாலும், ஒருவனுடைய யோக்கியதையைச் சர்க்கார் சீட்டினால் நிர்ணயிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தச் சரித்திரம் ஒரு சாட்சி என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

பழைய கதை வேண்டாம் என்பவர்களுக்குப் புதுக் கதையும் இருக்கிறது. இந்த முறையை முதலில் பெரிதாய் நடத்தியது அமெரிக்கா. 1993-இலேயே நியூயார்க், நூவர்க் விமான நிலையங்களில் உள்ளங்கையின் அளவைப் பார்த்து விடும் யந்திரம் வைத்துப் பார்த்தார்கள். 2008 முதல் "குளோபல் என்ட்ரி" என்ற பெயரில் நம்பிக்கைப் பட்டியல் நடக்கிறது. விண்ணப்பத்திற்கு 120 டாலர் கட்ட வேண்டும். 2020 பிப்ரவரியில் என்ன நடந்தது? நியூயார்க் மாகாண சர்க்கார், தங்களிடமுள்ள மோட்டார் லைசென்ஸ் விவரங்களைக் குடியேற்ற இலாகாவுக்குக் கொடுக்க மறுத்தார்கள். மத்திய சர்க்காருக்குக் கோபம் வந்தது. நியூயார்க் மாகாணவாசிகள் ஒருவரும் இனி அந்தப் பட்டியலில் புதிதாய்ச் சேரவோ, பழையதைப் புதுப்பிக்கவோ கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகு, ஜூலையில், தாங்கள் கோர்ட்டில் சொன்ன காரணங்களில் சில சரியல்ல என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். முந்தின நாள் வரை நம்பத் தகுந்தவர்களாயிருந்த ஜனங்கள் ஒரே உத்தரவில் எப்படி மாறிப்போனார்கள்? அவர்கள் விரல் மாறிற்றா, கண் மாறிற்றா? சர்க்காருக்கும் சர்க்காருக்கும் சண்டை, அவ்வளவுதான். நம்பிக்கை என்பது கொடுக்கப்படுகிற சாமானாகிவிட்டால், அது பிடுங்கப்படுகிற சாமானும் ஆகிவிடும்.

யந்திரமும் தவறே செய்யாத தெய்வம் அல்ல. அது "ஆம்" என்றும் "அல்ல" என்றும் திட்டமாய்ச் சொல்வதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது சொல்வது, "இது இவ்வளவு தூரம் ஒத்திருக்கிறது" என்பதுதான். எவ்வளவு ஒத்திருந்தால் கதவைத் திறக்கலாம் என்று கோடு கிழிப்பவன் மனிதன். கோட்டைத் தளர்த்தினால் அயலான் நுழைவான். இறுக்கினால் உரியவனே வெளியில் நிற்பான். அமெரிக்க சர்க்காரின் அளவை, தரம் பற்றிய நிலையத்தார் 2019 டிசம்பரில் வெளியிட்ட சோதனையில், முகம் பார்க்கும் முறைகள் பலவற்றில், ஆசியர், ஆப்பிரிக்கர் முகங்களில் ஒருவரை இன்னொருவராகத் தவறாய் எடுத்துக்கொள்வது வெள்ளையர் முகங்களைவிட 10 மடங்கு முதல் 100 மடங்கு வரை அதிகமாயிருந்தது. சீனாவில் செய்த சில முறைகளில் கிழக்காசிய முகங்களுக்கு அந்தக் குறை காணப்படவில்லை. நல்ல முறைகளில் வித்தியாசம் சொற்பமே. இதிலிருந்து தெரிவது என்ன? குறை முகத்தில் இல்லை. யந்திரத்துக்கு யாருடைய முகத்தைக் காட்டிப் பாடம் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

விரல் விஷயத்திலோ குறை நேராக உழைப்பாளி தலையிலேயே விழுகிறது. சிமெண்டு குழைக்கிறவனுக்கும், செங்கல் சுமக்கிறவளுக்கும், நாற்று நட்டுத் தேய்ந்த கிழவிக்கும் விரல் வரம்பு மழுங்கிப் போகிறது. ரேஷன் கடையில் பெருவிரலை வைத்து, யந்திரம் ஏற்காமல், துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்து, கடைசியில் வெறும் பையோடு திரும்பினவர்களை நமது வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஊர் ஊராய் மாளிகை கட்டித் தேய்ந்த விரலை, "உன்னை எனக்குத் தெரியாது" என்று யந்திரம் தள்ளுமானால், அந்தக் குறையை யந்திரத்தின் கணக்கில் எழுத வேண்டுமேயொழிய அந்த விரலுக்கு உடையவன் கணக்கில் எழுதலாகாது.

நிற்க, வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிகள் விஷயத்தைச் சற்று பார்ப்போம். 1983-ம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டத்தின்படி, 10-ம் வகுப்புத் தேறாதவர்களில் பெரும்பாலோருடைய பாஸ்போர்ட்டில் "குடியகல்வுச் சோதனை தேவை" என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா முதலான குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடியகல்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். கொள்ளைக்கார ஏஜெண்டுகளிடமிருந்து ஏழையைக் காப்பாற்றுவது என்கிற அளவில் அதன் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால், 2018 ஜனவரியில் இந்த ஏழைகளுக்கெல்லாம் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான நீல அட்டை என்று வெளிநாட்டு இலாகா யோசனை சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தூரத்திலிருந்தே "இவன் படிக்காதவன், கூலிக்குப் போகிறவன்" என்று தெரியும்படி நெற்றியில் நாமம் போடுவதற்கு ஒப்பான யோசனை அது. நாட்டில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு அந்த மாதக் கடைசிக்குள்ளாகவே அதைக் கைவிட்டார்கள். அட்டையில் நிறம் பிரிக்க முடியாமற்போனதை, வரிசையில் பிரித்துவிடக் கூடாது என்பதுதான் நமது கவலை.

"அப்படியானால் கூட்டத்தை என்ன செய்வது? யந்திரத்தையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இதற்குச் சிங்கப்பூர் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே சாங்கி விமான நிலையத்தில் 2024 முதற்கொண்டு வெளிநாட்டுப் பிரயாணிகள் எந்த நாட்டாராயினும், முன்கூட்டிப் பெயர் பதிந்துகொள்ளாமலே, யந்திர வழியில் போகலாம். சிங்கப்பூர்வாசிகளோ பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டாமல் முகத்தையும் கண்ணையும் காட்டிவிட்டுப் போகிறார்கள். அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்யப் போகும் நம் ஊர்ப் பையனும், வங்கி முதலாளியும் ஒரே விதமான கதவில்தான் நுழைகிறார்கள். சர்க்காருக்குச் சந்தேகமுள்ளவனை மாத்திரம் அதிகாரி நிறுத்திக் கேட்கிறார். அதாவது, எல்லோரும் நம்பத் தகுந்தவர்கள், காரணம் காட்டப்பட்டவன் மாத்திரம் விசாரிக்கத் தகுந்தவன் என்பது அங்கத்திய ஏற்பாடு. எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள், சீட்டு வாங்கினவன் மாத்திரம் யோக்கியன் என்பது நம்பிக்கைப் பட்டியலின் தத்துவம். இவ்விரண்டில் எது மனிதனுக்கு மரியாதை என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இங்கிலாந்திலும் கருவிழியைப் பதிந்துகொண்டவர்களுக்கென்று ஒரு தனி வழி வைத்துப் பார்த்தார்கள். அதை 2013-இல் மூடிவிட்டு, சில்லுப் பதித்த பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர்களுக்குப் பொதுவான யந்திரக் கதவுகளையே பெருக்கினார்கள். சில்லுக்குள் முகப் படம் இருக்கிறது. எதிரே முகம் இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்த்தால் போதும். தனிப் பட்டியல் எதற்கு? ஆனால், அந்தக் கதவுகளும் சில நாட்டாருக்குத்தான் திறக்கின்றன, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் திறப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நமது நாட்டிலும் இப்போது சில்லுப் பதித்த பாஸ்போர்ட்டு கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஆகவே, எல்லோருக்கும் ஒரே கதவு என்பது ஆகாத காரியமல்ல.

"நாட்டின் பாதுகாப்பு என்ன ஆவது?" என்பது அடுத்த ஆட்சேபணை. இது தள்ளக்கூடியதல்ல. தெரிந்தவர்களைச் சீக்கிரம் அனுப்பினால், தெரியாதவர்களைக் கவனிக்க அதிகாரிகளுக்கு நேரம் கிடைக்கும் என்பது நியாயமான வாதமே. ஆனால், பட்டியலில் பெயர் இருப்பது, ஒருவன் இதுவரை அகப்பட்டுக்கொள்ளவில்லை என்பதற்குச் சாட்சியே தவிர, இனி செய்யமாட்டான் என்பதற்குச் சாட்சியாகாது. 2001 செப்டம்பர் 11-ந் தேதி அமெரிக்காவில் விமானங்களைக் கைப்பற்றி மோதின 19 பேரும் அந்தச் சர்க்கார் கொடுத்த விசாவோடு உள்ளே வந்தவர்களே. இது ஒருபுறமிருக்க, யந்திரக் கதவால் மிச்சமான அதிகாரியைக் கூட்டம் அதிகமான மேஜைக்கு அனுப்பினால் அந்த வாதம் செல்லும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 4 மேஜையை 2 மேஜையாக்கினால், தனி வழிக்காரன் மிச்சப்படுத்தின நேரத்தைப் பொது வழிக்காரன்தான் தன் காலால் கட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

"இஷ்டமுள்ளவன் சேரட்டும், இல்லாதவன் விடட்டும்" என்பது இன்னொரு வாதம். பொது வரிசை நீளமாக ஆக, இஷ்டம் தானாகவே கட்டாயமாகிவிடும் என்பதை இவர்கள் மறக்கிறார்கள். இரண்டு மணி நேரம் நின்றால் விமானம் போய்விடும் என்கிற நிலைமையில் ஒருவன் விரலை நீட்டுவது இஷ்டத்தினால் அல்ல.

கடைசியாக, வாங்கி வைத்த ரேகை என்ன ஆகிறது என்பதைப் பற்றி. பெட்டிச் சாவி தொலைந்தால் வேறு பூட்டுப் போடலாம். பெருவிரல் ரேகை திருடு போனால் வேறு பெருவிரலுக்கு எங்கே போவது? 2015-இல் அமெரிக்க சர்க்காரின் உத்தியோகஸ்தர் காரியாலயத்தின் கம்ப்யூட்டரிலிருந்து 56 லட்சம் பேருடைய விரல் ரேகைகள் திருடப்பட்டன. 2019-இல் அதே நாட்டின் எல்லைக் காவல் இலாகாவுக்கு வேலை செய்த ஒரு கண்டிராக்டர் கம்பெனியிடமிருந்து பிரயாணிகளின் முகப் படங்கள் களவு போயின. நம் நாட்டில், அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகு 2023-இல் தனிமனிதர் விவரங்களைப் பாதுகாக்கவென்று ஒரு சட்டமும் வந்தது. ஆனால், அந்தச் சட்டமே, மத்திய சர்க்கார் தன்னுடைய எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும், தேசப் பாதுகாப்பு முதலிய காரணம் சொல்லி, விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று இடம் வைத்திருக்கிறது. வேலி போடுகிறவனே சந்தும் விட்டுவைத்தால் அது யாருக்காகப் போட்ட வேலி?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். யந்திரக் கதவு வரட்டும். ஆனால் பாஸ்போர்ட்டுள்ள எல்லோருக்கும் வரட்டும். அதனால் மிச்சமாகும் அதிகாரிகள், கூட்டம் நிற்கிற இடத்தில் உட்காரட்டும். சிறப்புப் பட்டியல் எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு காலமும், அதில் சேர்க்க மறுக்கப்பட்டவனுக்கு ஏன் மறுத்தார்கள் என்பது அவன் தாய்ப்பாஷையில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அதன் மேல் அப்பீல் செய்து கேட்க இலாகாவுக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். விரல் தேய்ந்தவனைச் சந்தேகப் பேர்வழியாக நடத்தாமல், பக்கத்திலேயே ஒரு மனிதர் இருந்து, மரியாதையாய் விசாரித்து அனுப்ப வேண்டும். வாங்கின ரேகையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் யாருக்குக் காட்டுவார்கள், எப்போது அழிப்பார்கள் என்பது சட்டத்தில் இருக்க வேண்டும்; பட்டியலிலிருந்து விலகுகிறவன் கேட்டால் அழித்துக் கொடுக்கவும் வேண்டும்.

தோழர்களே! வெளிநாட்டுக்குப் போகிற நம்மவன் ஒருவன் அடுத்த தடவை அந்த நீண்ட வரிசையில் நிற்கும்போது, பக்கத்து வழியில் விர்ரென்று போகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதும் இல்லை. தன்னைத் தாழ்வாய் நினைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. இங்கே இருக்கிறவர்கள் பசியாறுவதற்காக, முன்பின் தெரியாத தேசத்தில் வெயிலில் நின்று உழைத்துப் பணம் அனுப்புகிறவன் அவன். அவனை நம்பி அவன் குடும்பம் இருக்கிறது. கடன் கொடுத்தவன் இருக்கிறான். அவன் அனுப்பும் அந்நியச் செலாவணியை நம்பிச் சர்க்காரும் இருக்கிறார்கள். இத்தனை பேர் நம்பியிருக்கிற ஒருவன் நம்பத் தகுந்தவனா என்று அவன் சொந்த நாட்டுச் சர்க்காரே சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதை அவன் அந்த வரிசையில் நின்றபடியே யோசிக்கட்டும். யோசித்ததை வாய் திறந்து கேட்கவும் கேட்கட்டும்.